சட்டியும் அகப்பையும்

"சட்டியில் இருந்தாலல்லவோ அகப்பையில் வரும்" என்பது நம்மவர் நாவில் நாளும் புழங்கும் பழமொழி. அடுக்களையிற் பிறந்த இம்மொழி காலப்போக்கிற் பள்ளிக்கூடத்துக்குள்ளும் புகுந்து, ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்துகொண்டது. சென்ற தவணை முடிவிற் செட்டிகுளப் பகுதிப் பாடசாலையொன்றில் நடந்த ஆசிரியர் கூட்டத்துக்கு, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தனர். மாணவன் ஒருவனைப் பற்றிப் பேச்செழுந்தது. மூன்று தவணைகளாக அவன் பெற்ற புள்ளிகளை இளம் ஆசிரியர் ஒருவர் வாசித்தார்; வாசித்து முடித்து, பதிவேட்டை மூடி, மேற்படி பழமொழியைச் சொன்னார். அதனோடு நின்றிருந்தால் நான் இக்கட்டுரையை எழுதப் புகுந்திரேன். "அது அவனுடைய ஜீன், சேர். நாங்கள் என்ன செய்யலாம்?" என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டார். கூட்டத்திலிருந்தோர் தலையசைத்தனர்.

முன்னாளில் ஊழ் என்றார்கள். பின்னர் தலையெழுத்து என்றார்கள். இப்போது ஜீன் என்கிறார்கள். பெயர் மாறிற்று, கைகழுவும் முறை மாறவில்லை. ஊழ் என்பவரோடு வாதிடலாம், அல்லது அவர் நம்பிக்கை அவரோடென்று விட்டுவிடலாம். ஜீன் என்பவரோ விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார். அழைக்கப்பட்ட சாட்சி உண்மையில் யாது கூறுகின்றது என்று விசாரியாமலே தீர்ப்பெழுதுவது எவ்வாறு தகும்?

அவ்விளைஞரைக் குறைகூற எனக்கு அருகதையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் அதே பழமொழியை நானும் எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கிறேன். 1990களில் இடம்பெயர்ந்து எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்த பெண்பிள்ளை ஒருத்தி, கடைசி வாங்கில் இருந்து படித்தவள், உயர்தரத்தில் உயிரியல் பயில விரும்புவதாக வந்து சொன்னாள். அவளுடைய கொப்பியை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு இது வராது, பிள்ளை" என்றேன். அவள் மறுபேச்சின்றிப் போய்விட்டாள். வேறு பாடம் படிப்பது தாழ்வென்று நான் சொல்லவரவில்லை. சட்டிக்குள் எட்டிப் பாராமலே சட்டி வெறிதென்று சொன்னேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது. அன்று நான் உயிரியல் கற்பித்துக்கொண்டிருந்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது. ஏனெனில் அவ்வுயிரியலே என் கூற்றுக்கு எதிர்ச்சாட்சி.

நம் உடம்பில் ஈரற் கலமுண்டு, நரம்புக் கலமுண்டு, தோற் கலமுண்டு, தசைக் கலமுண்டு. ஒன்று நஞ்சை முறிக்கிறது; ஒன்று செய்தி கடத்துகிறது; ஒன்று சுருங்கி விரிகிறது. உருவாலும் தொழிலாலும் ஒன்றற்கொன்று உறவென்று சொல்லவும் முடியாத இவை யாவும் கருக்கட்டிய ஒரே முட்டையினின்றும் பிரிந்து வந்தவை. கலந்தோறும் கருவுக்குள்ளே டி.என்.ஏ. என்னும் இழை, நீட்டி அளந்தால் ஏறத்தாழ 2 மீற்றர், சுருண்டு கிடக்கின்றது. அதில் நால்வகை எழுத்துகளால் எழுதப்பட்ட பரம்பரையலகுகள் உள்ளன. தமிழகத்தார் மரபணு என்பதையே நாம் பரம்பரையலகு என்கிறோம். புரதம் ஆக்குவதற்கான விதி எழுதிய அலகுகள் மனிதரில் ஏறத்தாழ 20,000. ஈரற் கலத்துக்கு ஈரலுக்கு வேண்டியவை மட்டும், தோற் கலத்துக்குத் தோலுக்கு வேண்டியவை மட்டும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருக்குமோ, வேண்டாதவை வளர்ச்சியினிடையே கழிக்கப்பட்டிருக்குமோ என்று ஒருகால் அறிஞர் ஐயுற்றதுண்டு.

அவ்வையத்தைத் தீர்த்தவருள் முதன்மையானவர் ஜோன் கேர்டன். ஆபிரிக்கத் தவளையொன்றின் முட்டையில் இருந்த கருவை அழித்துவிட்டு, வாற்பேத்தையொன்றின் குடற் கலத்துக் கருவை எடுத்து அதனுள் வைத்தார். குடலுக்கென்றே தேறிய அக்கருவினின்றும் முழு வாற்பேத்தை வளர்ந்தது. சில முழுத் தவளையாயின. 1962இல் அம்முடிவை வெளியிட்டார். குடற் கலத்துள் கண்ணுக்கான எழுத்தும், காலுக்கான எழுத்தும், நெஞ்சுக்கான எழுத்தும் ஒன்றும் குறையாமல் இருந்தன என்பதல்லவா பொருள்? சட்டி நிறைந்துதான் இருந்தது. (செங்குருதிக் கலம் முதிர்ச்சியில் தன் கருவையே இழப்பதும், நிர்ப்பீடனக் கலங்கள் சில தம் எழுத்தைச் சிறிது வெட்டி ஒட்டிக்கொள்வதும் விலக்குகள்.) 50 ஆண்டுகள் கழித்து 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கேர்டனைப் பற்றி ஆசிரியர்கள் அறியவேண்டிய செய்தி இன்னுமொன்றுண்டு. 1949இல், இங்கிலாந்தின் பேர்பெற்ற ஈற்றன் கல்லூரியிற் பயின்றபோது, உயிரியலில் அவர் 250 மாணவருட் கடைசி. விஞ்ஞானியாக வேண்டுமென்ற எண்ணம் இப்பையனுக்கு இருப்பதாகத் தெரிகிறது, இப்போதைய நிலையில் அது நகைப்புக்கிடமானது என்ற கருத்துப்பட அவருடைய ஆசிரியர் தேர்ச்சி அறிக்கையில் எழுதினார். அவ்வறிக்கையைக் கேர்டன் கண்ணாடிச் சட்டமிட்டுத் தம் மேசைக்கு மேலே மாட்டி வைத்திருந்தார். அந்த ஆசிரியரும் என்னைப்போற் கொப்பியைப் புரட்டிப் பார்த்தவராகத்தான் இருந்திருப்பார்.

சட்டி எங்கும் நிறைந்திருக்கையில், அகப்பையில் ஈரலுக்கொன்றும் தோலுக்கொன்றுமாக வெவ்வேறு வருவது எப்படி? இங்கேதான் நான் சொல்லவந்த பொருள் தொடங்குகிறது. டி.என்.ஏ.யில் உள்ள எழுத்துத் தானாக வேலை செய்வதில்லை. வேண்டிய பகுதியைப் பெயர்த்தெழுதி, தூது ஆர்.என்.ஏ. என்னும் படியை ஆக்கி, அப்படியைப் பார்த்தே புரதம் கட்டப்படுகின்றது. ஏட்டுச்சுவடிக் காலத்தை எண்ணிப் பாருங்கள். ஆதீனத்து நூல்நிலையத்திலே ஆயிரம் சுவடிகள் கட்டுண்டு கிடக்கலாம். படியெடுப்பார் இல்லாத சுவடி இருந்தும் இல்லாததே. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் எந்தக் கட்டை அவிழ்த்தார்களோ அந்த நூல் நம் கைக்கு வந்தது. கலத்தினுள்ளே இன்ன கட்டை அவிழ், இன்ன கட்டைத் தொடாதே என்று அமைக்கும் புரதங்கள் உள்ளன. பாடநூலார் இவற்றைப் படியெடுத்தற் காரணிகள் என்பர். மனிதரில் இவை ஏறத்தாழ 1,600 வகை.

காரணி என்ற சொல் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. கணக்கிலும் காரணி, பொருளியலிலும் காரணி. எங்கும் பொருந்துவதால் எங்கும் ஒட்டாத சொல். ஆயினும் மானிப்பாயிற் கிறீன் வைத்தியர் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த நாள்தொட்டு, கலைச்சொல்லில் மனம்போல மாற்றஞ் செய்து மாணவரைக் குழப்பியவர்களே நம்மிடையே அதிகம் ஆதலின், அப்பாவத்தில் நானும் பங்குகொள்ள விரும்பவில்லை. காரணி என்றே வைத்துக்கொள்வோம். வகுப்பறையில் மட்டும், பிள்ளைகளுக்கு விளங்கவேண்டி, நான் அகப்பைக்காரர் என்பேன்.

அகப்பைக்காரர் தொழில் செய்யும் விதம் அழகானது. டி.என்.ஏ.யின் நெடிய எழுத்தொழுங்கில் ஆறு முதல் பன்னிரண்டு எழுத்தளவான சிறு சொற்கள் ஆங்காங்கே உண்டு. ஒவ்வொரு காரணியும் தனக்குரிய சொல்லைத் தடவி அறிந்து, பூட்டிற் சாவி பொருந்துமாப்போலப் பொருந்துகிறது. பொருந்தியபின், படியெடுக்கும் நொதியத்தை அவ்விடத்துக்கு வரவழைக்கிறது. அல்லது வரவொட்டாமல் வழியை அடைக்கிறது. சில காரணிகள் பரம்பரையலகின் தொடக்கத்தினருகே அமரும். சில பல்லாயிரம் எழுத்துக்கப்பால் அமர்ந்து, இழை வளைந்து வர, அங்கிருந்தே தொழில் செய்யும். புரதத்திற் சுற்றி இறுக்கிக் கட்டப்பட்ட பகுதிகளை முதலில் நெகிழ்த்திக் கொடுக்க வல்லனவும் உண்டு. தனியொரு காரணி தனித்து ஆள்வது அரிது. பல கூடி, கூடியதன் சேர்க்கைக்கேற்பப் பயன் வேறுபடும். இங்கே யாரும் தீர்மானிப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. சுவடி பெயர்த்த புலவருக்கு விருப்பு வெறுப்பு இருந்தது. காரணிக்கு இருப்பது வடிவப் பொருத்தமும் மின்னேற்றமுமே. என் உவமை அவ்விடத்தில் முறிகிறது.

இவ்வறிவின் வாயிலைத் திறந்தவர்கள் பிரான்சு நாட்டு ஜேக்கப்பும் மொனோவும். குடலில் வாழும் பற்றீரியா, பால்வெல்லம் கிடைக்கும்போது மட்டும் அதை உடைக்கும் நொதியத்தைச் செய்வதேன் என்று ஆராய்ந்து, பால்வெல்லம் இல்லாதபோது ஒரு தடுப்பான் அப்பரம்பரையலகின் வாசலில் அமர்ந்திருக்கின்றது, வெல்லம் வந்ததும் அது விலகுகின்றது என்று 1961இற் காட்டினர். 1965இல் நோபல் பரிசும் பெற்றனர். பின்வந்த சோதனைகள் கதைபோல இருக்கும். தோலின்கீழ் நாரிழையக் கலமொன்றில் மயோடி என்னும் ஒரே காரணியை ஏவிவிட, அது தசைக் கலமாக மாறிற்று. அமெரிக்காவில் வைன்றோபின் ஆய்வுகூடத்தில் 1987இற் கண்டது. சுவிற்சலாந்தில் கேரிங் குழுவினர் 1995இற் பழ ஈயின் காலிலும் சிறகிலும் கண் முளைக்கச் செய்தனர். கண்ணாக்கும் காரணியை அவ்விடங்களில் தொழிற்படச் செய்ததன்றி வேறொன்றும் செய்திலர். எலியினின்றும் அதே காரணிக்குரிய அலகை எடுத்து ஈயில் வைத்தபோதும் முளைத்தது ஈயின் கண்ணே, எலியின் கண்ணன்று. ஏவல் எலியினது, சட்டி ஈயினது. 2006இல் ஜப்பானில் யமனாக்கா, 24 காரணிகளில் தொடங்கி, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, நான்கே நான்கு போதுமெனக் கண்டார். அந்நான்கையும் எலியின் தோற்கலத்துட் செலுத்த, கலம் தன் பழைய அடையாளத்தை உதறி, எதுவாகவும் ஆகவல்ல ஆதிநிலைக்குத் திரும்பிற்று. அடுத்த ஆண்டே மனிதக் கலத்திலும் அது கைகூடிற்று. கேர்டனோடு 2012இற் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே.

இவையெல்லாம் கடல்கடந்த செய்திகள். செட்டிகுளத்துக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்பாருளர். அவர்களுக்காகவே நெல்லைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2024 நவம்பரில், பெங்கல் புயலோடு வந்த மழையில் வடக்கிலும் கிழக்கிலும் வயல்கள் வெள்ளத்துள் ஆழ்ந்தன. எங்கள் சிறுகுளத்தின் கீழான காலபோக விதைப்பும் அவ்வாறே. விதைத்து ஒருமாதமும் ஆகாத பயிர் நாட்கணக்கில் நீருக்குள் இருந்தது. நீர் வடிந்த காலை நானும் வரம்பில் நின்று பார்த்தேன். பயிர் அழுகிக் கிடக்கும் என்று எண்ணியிருந்தேன். அப்படியன்று. முன்னிலும் நீண்டு, வெளிறி, நூல்போல மெலிந்து, தலையெடுக்க மாட்டாமற் சேற்றிற் சாய்ந்து கிடந்தது. அயல்வயற்காரர் ஒருவர், என்னிலும் பத்து வயது மூத்தவர், நான் அண்ணை என்றழைப்பவர், ஒரு தாளைப் பிடுங்கி என் கையிலே தந்து, "தண்ணி கொல்லேல்லை, மாஸ்ரர். பயிர் அந்தரப்பட்டுத்தான் செத்தது" என்றார்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கமாகத்தான் 2006இல் 'நேச்சர்' என்னும் உலகப் புகழ் பெற்ற சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது என்றால் மிகையாகாது. பயிர் நீரில் அமிழ்ந்ததும் எதிலீன் என்னும் வாயு அதனுள்ளே தேங்குகின்றது. வாழைக்குலையைக் குழியிலிட்டுப் புகையூட்டிப் பழுக்கவைக்கும் நம்மவர், பெயரறியாமலே கையாண்ட வாயு அது. காற்றிலே எளிதிற் பரவி அகலும் அது நீரில் அகல மாட்டாது உள்ளே சேர்கிறது. அச்சேர்க்கையே பயிருக்கு, நீ நீருள் அகப்பட்டாய் என்னும் அறிவிப்பு. சாதாரண நெல் அவ்வறிவிப்பைக் கேட்டதும், நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டவேண்டி விரைந்து நீள்கிறது. சேமித்த மாப்பொருளையெல்லாம் அவ்வோட்டத்திற் செலவிடுகிறது. நீர் ஆழமாயின் தலை வெளிவருமுன் கையிருப்புத் தீர்ந்துவிடும். நீர் வடிந்தபின் எழுந்து நிற்கவும் வலுவிராது. அந்தரப்பட்டுச் சாதல் என்பது இதுவே.

ஒடிசாவின் நாட்டு நெல்லொன்றிலிருந்து தெரிந்தெடுத்த எப்.ஆர். 13 ஏ என்னும் நெல் மட்டும் இவ்வாறு செய்வதில்லை. இரு கிழமையளவு முற்றாக அமிழ்ந்திருந்தும் பிழைக்கும். ஏன் என்று தேடிய கெனோங் சூ, டேவிட் மக்கில், பமெலா ரொனல்ட், ஜூலியா பெய்லி-செரஸ் முதலியோர் அதன் ஒன்பதாம் நிறமூர்த்தத்திற் கண்டெடுத்த பரம்பரையலகுக்கு சப் 1 ஏ என்று பெயர். அது ஆக்குவது ஒரு படியெடுத்தற் காரணி. எதிலீன் சேர்ந்ததும் எழுந்து, நீட்சிக்கு ஏவும் ஜிபரலின் என்னும் ஓமோனின் ஆணையைத் தடுப்பவற்றைப் பெருக்கி, நீளாதே, செலவிடாதே, இருந்த இடத்தில் இரு என்று பயிரை அடக்கி வைக்கிறது. நீர் வடிந்ததும் பயிர் விட்ட இடத்திலிருந்து வளர்கிறது. புதிய உறுப்பொன்றும் முளைக்கவில்லை. புதிய வலிமையொன்றும் வரவில்லை. உள்ள பொருளை எப்போது எடுப்பது, எப்போது எடாதிருப்பது என்பதே வேறுபாடு.

இதனினும் வியப்பானது வேறொன்று. ஆற்றுப் பள்ளங்களில் மாதக்கணக்கில் ஆழநீரில் வளரும் மிதவை நெல்வகைகள் உண்டு. அவை நீர் உயர உயரத் தாமும் உயர்ந்து, பல மீற்றர் நீளும். ஜப்பானில் நகோயாவைச் சேர்ந்த அஷிகாரி குழுவினர் 2009இல் அதற்குரிய அலகுகள் இரண்டைக் கண்டு, நீருள் மூழ்குவோர் மூச்சுவிடப் பயன்படுத்தும் குழாயின் பெயரை அவற்றுக்கு இட்டனர். அவையும் படியெடுத்தற் காரணிகளே; சப் 1 ஏயின் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை; அதே எதிலீனின் அறிவிப்பைக் கேட்பவை. ஒன்று, அடங்கு என்கிறது. மற்றையது, ஓடு என்கிறது. வந்து சிலநாளில் வடியும் வெள்ளத்துக்கு அடங்குதல் உயிர். வடியாத வெள்ளத்துக்கு ஓடுதல் உயிர். எது சரியான விடை என்பது வெள்ளத்தைப் பொறுத்தது. பரீட்சை வினாத்தாளுக்கு ஒரே விடை எழுதிப் பழகிய நமக்கு இது சிறிது சங்கடமாகத்தான் இருக்கும்.

வெள்ளந் தாங்கும் நெல்வகைகளை ஆராய்ச்சியாளர் வரிசைப்படுத்தும்போது எப்.ஆர். 13 ஏயின் அருகே இலங்கைப் பெயர்கள் சில நிற்கின்றன: தவளு, கொட ஹீனட்டி, குர்க்கறுப்பன். முதலிரண்டும் சிங்களப் பெயர்கள். மூன்றாவதை ஆங்கில எழுத்திலே கண்டபோது நான் ஒருகணம் திகைத்தேன். மொட்டைக்கறுப்பனை உண்டு வளர்ந்த என் காதுக்கு அது கூர்க்கறுப்பன் என்றே ஒலிக்கிறது. எந்த ஊர்க் கமக்காரன் எந்த வெள்ளத்தின் பின் தப்பிய கதிரைக் கிள்ளி விதைக்கு வைத்தானோ! உலகம் அறிந்த அப்பெயரை, கறுப்பன் என்று வீட்டு நெல்லுக்குப் பெயரிட்ட மக்களின் பிள்ளைகள் தம் பாடசாலையிற் கேள்விப்பட்டதில்லை. நானும் கற்பித்ததில்லை. பட்டாணிச் செடியையும் பழ ஈயையும் பற்றிக் கற்பித்தேன்.

பழைய நெல்லெல்லாம் பொன், புதிய நெல்லெல்லாம் நஞ்சு என்று பாடும் கூட்டத்தில் நான் இல்லை. உயர்ந்து வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்து, ஏக்கருக்கு அற்ப விளைச்சல் தந்த பழைய வகைகளை நம் தந்தையர் கைவிட்டது மூடத்தனத்தால் அன்று, பசியால். எப்.ஆர். 13 ஏயும் அப்படியே. அதன் சோற்றையும் விளைச்சலையும் பாராட்டுவார் இலர். அறிஞர் செய்தது யாதெனில், ஆந்திரத்துச் சுவர்ணா நெல்லோடு அதை ஒட்டி, தலைமுறை தலைமுறையாகச் சுவர்ணாவோடு மீளக் கலந்து, அந்த ஒரு பகுதியை மட்டும் கைவிடாமற் காத்து வந்தனர். பிறக்கும் நாற்றுகளில் அப்பகுதி உள்ளதா என்று டி.என்.ஏ.யைப் பார்த்தே தெரிந்தெடுத்தனர். மணிலாவை அடுத்த லொஸ் பானொஸ் நெல்லாராய்ச்சி நிலையத்தில் உருவான அந்தச் சுவர்ணா சப் 1, 2009இல் இந்தியாவிற் பயிருக்கு விடப்பட்டது. தமிழகத்து டெல்டாப் பகுதியார் நன்கறிந்த சி.ஆர். 1009 நெல்லுக்கும் அவ்வாறே சப் 1 ஏற்றப்பட்டது. அற்புதம் என்று கூத்தாடவும் வேண்டாம். உப்புநீரை அது தாங்காது. இரு கிழமைக்கு மேற்பட்ட வெள்ளத்தையும், பூக்கும் பருவத்து வெள்ளத்தையும் தாங்குவது அரிது. பெய்யும் மழைக்கும் உடையும் குளக்கட்டுக்கும் காரணியொன்றும் பொறுப்பேற்காது.

குருதியிலும் இதே கதை நிகழ்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது சிசுவின் செங்குருதிக் கலங்கள் ஒருவகை ஈமோகுளோபினை ஆக்குகின்றன. பிறந்த சில மாதங்களில் அதை நிறுத்தி, வளர்ந்தோர்க்குரிய வகையை ஆக்கத் தொடங்குகின்றன. தலசீமியா நோயுற்ற பிள்ளைக்குப் பின்னதன் எழுத்திற் பிழையுண்டு. முன்னதன் எழுத்தோ பழுதின்றிக் கட்டுண்டு கிடக்கிறது. அக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் காரணி பி.சி.எல். 11 ஏ என்று பொஸ்ரன் நகரத்து விஜய் சங்கரனும் ஸ்ருவட் ஓர்க்கினும் 2008இற் காட்டினர். நோயாளியின் என்புமச்சைக் குருதிக் கலங்களை வெளியே எடுத்து, செங்குருதிக் கலத்தில் மட்டும் அக்காரணியை எழுப்பும் சிறு தொடரை வெட்டி, மீண்டும் உடலிற் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரிற் பிரித்தானியா முதன்முதல் அனுமதியளித்தது. பிற கலங்களில் அதே காரணிக்கு வேறு தொழில்கள் உண்டாதலால் அங்கே அது தொடப்படவில்லை. அதன் விலையைக் கேட்டால் நம்மவர் நெஞ்சு நின்றுவிடும். குருதி ஏற்றியே காலங்கழிக்கும் நம் நாட்டுத் தலசீமியாப் பிள்ளைகளுக்கு அது எப்போது எட்டும் என்பது விஞ்ஞானத்தின் கேள்வியன்று, அரசின் கேள்வி.

இவ்வளவும் கேட்ட நண்பரொருவர், தமிழாசிரியர், என்னை மடக்கினார். "காரணிகள் அலகுகளை ஏவுகின்றன என்கிறீர். அக்காரணிகளும் அலகுகளில் எழுதப்பட்டவைதாமே? ஈற்றில் எல்லாம் எழுத்துத்தானே?" என்றார். நல்ல கேள்வி, நானும் நெடுநாள் மயங்கிய கேள்வி. சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துச் சென்றால் அது முட்டையில் முடிகிறது. ஆனால் முட்டை வெறும் எழுத்தன்று. பழ ஈ முட்டையிடும்போதே, தலை வரவேண்டிய முனையில் ஒரு காரணிக்குரிய தூதுப்படியைத் தாய் வைத்துவிடுகிறது. அங்கே அது செறிந்தும், தூரத்தே ஐதாகியும் பரவுவதால், தலை எது, நெஞ்சு எது, வால் எது என்று கலங்கள் அறிகின்றன. அதன்பின் ஒவ்வொரு கலமும் அயற்கலத்தின் சொற்கேட்டும், ஓமோனின் சொற்கேட்டும், உணவும் வெப்பமும் நீரும் சொல்வன கேட்டும் தன் காரணிகளை எழுப்புகிறது, அடக்குகிறது. இருக்கும் இடமும் அயலும் இல்லாமல் எழுத்து மட்டும் கலத்தை ஈரலாக்கியதில்லை.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கையை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவேண்டும். கலத்துக்குப் பொருந்துவது பிள்ளைக்கும் பொருந்தும் என்று ஒரே தாவலாகத் தாவுவது விஞ்ஞானமன்று. அந்த இளம் ஆசிரியர் செய்த பிழையையே மறுபுறம் நின்று செய்வதாகும். எல்லாப் பிள்ளைகளும் எல்லாம் ஆகலாம் என்று சப் 1 ஏ சொல்லவில்லை. பரம்பரையில் வேறுபாடுகள் உண்டு, எப்.ஆர். 13 ஏயில் உள்ள அலகு வேறு பல நெல்லில் அறவே இல்லை. அங்கே பழமொழி முற்றும் உண்மை. நான் சொல்வது சிறிய செய்தி. ஒரு பிள்ளையின் மூன்று தவணைப் புள்ளிகளைப் பார்த்து அவனுடைய ஜீனைப் படித்துவிட்டதாகச் சொல்ல எந்த விஞ்ஞானமும் இடங்கொடுக்கவில்லை. அகப்பையில் வராததைக் கண்டு சட்டியில் இல்லையென்று துணியும் முடிவைத்தான் கேர்டனின் தவளை 1962இல் மறுத்தது. தீர்ப்பைச் சொல்ல விரும்பும் ஆசிரியர் தம் சொந்தப் பெயராற் சொல்லட்டும். உயிரியலின் பெயரால் வேண்டாம்.

அம்மாணவனைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாதிருந்தவை பல. 2009இல், போரின் முடிவில், இலட்சக்கணக்கானோர் அடைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாம் இதே செட்டிகுளத்தில் இருந்ததை வாசகர் மறந்திரார். 2012இல் அது மூடப்பட்டது. அவனுடைய தாய் அங்கே இரண்டாண்டு இருந்தவள். அவன் அதன்பின் பிறந்தவன். காலையில் மாடு சாய்த்துவிட்டு, ஐந்து மைல் மிதிவண்டியில் வருகிறான். இவற்றால் அவன் புள்ளி குறைந்ததென்று அளந்து சொல்ல என்னிடம் கருவியில்லை. கூட்டத்தில் எவரும் இவற்றைக் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

விடுமுறையில் அவனை என் வீட்டுக்கு வரச்சொன்னேன். கமக்கார அண்ணையிடம் நாற்று வாங்கி, இரண்டு பழைய பூச்சாடிகளில் நட்டு, ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் முற்றாக அமிழ்த்தினோம். மற்றதை வெளியே வைத்தோம். நாள்தோறும் மாலையில் வந்து, அடிமட்டத்தை நீருக்குள் விட்டு அளந்து எழுதினான். ஆறாம் நாள் அமிழ்ந்த நாற்று வெளிநாற்றை உயரத்தில் மிஞ்சிவிட்டது. தண்ணீருக்குள்தான் நன்றாக வளர்கிறதே என்று அவன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பத்தாம் நாள் தொட்டியை வடித்தோம். நாற்று நிற்கமாட்டாமற் சட்டியின் விளிம்பில் மடிந்து விழுந்தது. சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டு, "வேறு ஒரு நெல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இதை நம்பேலாது, சேர்" என்றான்.

ஒப்பீட்டுக்கு வேறொரு வகை வேண்டுமென்று முப்பது ஆண்டில் என் வகுப்பிலிருந்த எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த விதை எங்கள் பகுதி வயலெதிலும் இல்லை. பேராதனையை அடுத்த கன்னொறுவையில், நாட்டின் பயிர் விதைகளைக் குளிரிற் பேணும் மரபுவள நிலையமொன்று 1988 முதல் உண்டு. குர்க்கறுப்பன் அங்கே இருந்தால் ஒரு பிடி தரமுடியுமா என்று கேட்டு, அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்தை நேற்று மாலை செட்டிகுளம் தபாற்கந்தோரிற் சேர்த்துவிட்டு வந்தோம்.